எங்க பாட்டி வீட்டுல லிஃப்ட் இருக்கு

மழலையர் வகுப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், உலகத்துக் குழந்தைகளையெல்லாம் அறிமுகம் செய்வதாகச் சொல்லிக்கொண்ட ஒரு படப்புத்தகத்தை மிகுந்த பெருமையோடு வகுப்புக்கு வாங்கி வந்தேன். இரண்டு பக்கத்துக்கு ஒரு நாடு. நாட்டுக்கு ஒரு குழந்தை. ஒவ்வொரு குழந்தையும் விழாக்கால உடையில் விறைப்பாக நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். விரிப்பில் அரைவட்டமாக உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேரில் ஒரு நான்கு வயதுச் சிறுமியின் குடும்பம் அந்தப் புத்தகத்தின் ஏழாவது நாட்டிலிருந்து வந்தது. அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, "இது உங்க ஊருதானே?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். தலையில் குடம் சுமந்த ஒரு சிறுமி, அவளுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த இரண்டு குடிசைகள், ஓரமாக ஒரு ஆடு. அவள் வெகுநேரம் பார்த்தாள். குடிசைக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதுபோலக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பிறகு, "இல்ல டீச்சர். எங்க பாட்டி வீட்டுல லிஃப்ட் இருக்கு," என்றாள்.

மற்ற குழந்தைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அன்று மதியம், அவரவருக்குப் பிடித்த புத்தகத்தை எடுத்துக்கொள்ளும் நேரத்தில், அவள் நேராக அலமாரிக்குப் போய் ஒரு கரடிக் கதையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கரடியிடம் யாரும் ஊர் கேட்பதில்லை.

பல பண்பாட்டுக் குழந்தைகள் இடம்பெறும் படப்புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்கும் இளைய ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். அதில் இரண்டு தவறுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. புத்தகம் தவறானது என்பது ஒன்று. ஒரு நான்கு வயதுக் குழந்தையை ஒரு நாட்டுக்கே பேச்சாளராக்கி, பதினேழு பேர் முன்னால் சாட்சி சொல்ல வைத்தது இரண்டாவது. இன்றைக்கு யோசித்தால் இரண்டாவதுதான் பெரிய தவறாகப் படுகிறது. ஆனால் அந்தக் கேள்வியை என் வாயில் போட்டது அந்தப் புத்தகம்தான். நாடு, உடை, வீடு என்று குழந்தையைச் சுற்றி ஒரு காட்சிப் பெட்டியைக் கட்டி வைத்திருக்கும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறு என்னதான் கேட்க முடியும்?

லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் தம் சக ஆசிரியர்களுடன் சேர்ந்து 1989-இல் மழலைக் கல்வியில் பாரபட்சத்தைக் களைவது பற்றி வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: சுற்றுலாப் பாடத்திட்டம். வேற்றுப் பண்பாட்டை அதன் திருவிழா, உடை, உணவு ஆகியவற்றின் வழியாக ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் நம்முடைய 'வழக்கமான' வகுப்புக்குத் திரும்பிவிடுவது. அந்தத் திரும்புதலில்தான் விஷயம் இருக்கிறது. சுற்றுலா போன இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீடு எது என்பதை அந்தப் பயணம் மறுபடியும் உறுதிசெய்துவிடுகிறது. விரிப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு அந்தச் சுற்றுலாத் தலமே வீடாக இருக்கும்போது, நாம் திரும்பி வரும் இடத்தில் அவளுக்கு என்ன இருக்கிறது?

இந்தத் துறையில் அதிகமாக எடுத்தாளப்படும் உவமை ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையிலிருந்து வருவது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் குழந்தை இலக்கியப் பேராசிரியராக இருந்த அவர், புத்தகம் சில வேளைகளில் பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாகவும், சில வேளைகளில் நாம் உள்ளே நுழைந்துவிடக்கூடிய நகரும் கண்ணாடிக் கதவாகவும், வெளிச்சம் சரியாக அமையும்போது நம் முகத்தையே காட்டும் கண்ணாடியாகவும் இருக்கிறது என்று எழுதினார். பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லும்போது கண்ணாடியும் சன்னலும் மட்டும் நினைவில் நிற்கின்றன, கதவு மறந்துபோகிறது. எனக்கோ கதவுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. சன்னல் வழியாகப் பார்ப்பவர் வெளியேதான் நிற்கிறார். என்னுடைய பழைய புத்தகம் முழுக்க முழுக்கச் சன்னல்களால் ஆனது. ஒரு சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குழந்தையும் இந்தப் பக்கம் கொண்டுவரப்பட்டுத் தன் வீட்டை எட்டிப் பார்க்க வைக்கப்பட்டாள். பிஷப் இன்னொன்றும் சொன்னார், அதுவும் அதிகம் பேசப்படுவதில்லை: எங்கே பார்த்தாலும் தன் முகமே தெரியும் கண்ணாடிகளுக்கு நடுவே வளரும் பெரும்பான்மைக் குழந்தைகளுக்கும் அது கேடுதான், தாங்களே உலகத்தின் நடுவில் இருப்பதாக அவர்கள் எண்ணிக்கொள்வார்கள். "எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரிக் குடும்பங்கள்தானே, எங்களுக்கு எதற்கு இந்தப் புத்தகங்கள்?" என்று கேட்கும் பள்ளிகளுக்கு இதைவிட நல்ல பதிலை நான் கண்டதில்லை.

தேர்ந்தெடுப்பதற்கு முதலில் புத்தகங்கள் இருக்கவேண்டும் அல்லவா? 1965-இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், முந்தைய மூன்று ஆண்டுகளில் அமெரிக்கப் பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தை நூல்களைப் பற்றி விசாரித்து, அவற்றுள் ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்ற நூல்கள் 349 மட்டுமே, அதாவது நூற்றுக்கு 6.7, என்று எழுதினார். இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் தொடக்கக் கல்விக்கான எழுத்தறிவு மையம் 2017-இல் வெளியான 9,115 குழந்தை நூல்களை ஆராய்ந்தபோது, கறுப்பினத்தவர், ஆசியர் உள்ளிட்ட சிறுபான்மை இனப் பாத்திரங்கள் ஓரிடத்திலாவது வந்தவை 391. அத்தகைய ஒருவர் முதன்மைப் பாத்திரமாக இருந்தவை நூற்றுக்கு ஒன்றுதான். அதன்பின் 2022 வரை ஆண்டுக்காண்டு நிலைமை கணிசமாக மேம்பட்டது, 2023-இல் மறுபடியும் சரிந்தது. என்றாலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் 2018-ஆம் ஆண்டு நூல்களைப் பற்றி வெளியிட்ட கணக்கு. வெள்ளையினப் பாத்திரங்கள் 50 விழுக்காடு. விலங்குகளும் மற்றவையும் 27. ஆப்பிரிக்க வம்சாவளியினர் 10. ஆசிய, பசிபிக் வம்சாவளியினர் 7. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 5. அமெரிக்கப் பூர்வகுடியினர் 1. கடைசி நான்கையும் கூட்டினால் 23. கரடியும் முயலும் லாரியும் சேர்ந்து அவர்களைவிட அதிகம் வருகின்றன.

கரடிகள்மேல் எனக்குப் பகை இல்லை. இனம், நாடு என்ற சிக்கலே இல்லாத பொதுப் பாத்திரம் என்றுதான் ஆசிரியர்களும் அவற்றை விரும்புகிறார்கள். ஆனால் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதை சிலருக்கு விலங்குப் பாத்திரங்களோடும், சிலருக்கு அதே படங்களில் மனிதப் பாத்திரங்களை வைத்தும் படித்துக் காட்டப்பட்டது. மனிதர்கள் வந்த கதையைக் கேட்ட குழந்தைகள்தாம் பிறகு தங்கள் ஒட்டுப்படங்களைக் கூடுதலாகப் பகிர்ந்துகொண்டார்கள். விலங்கின் வழியாகச் சொன்னால் எல்லாக் குழந்தைக்கும் போய்ச் சேரும் என்ற நம்முடைய எண்ணம் அவ்வளவு உறுதியானது அல்ல. அலமாரியில் கரடி இருக்கட்டும். கரடி மட்டும் இருந்தால், மனிதர்களிடையே உள்ள வேறுபாட்டைப் பேசாமல் தவிர்ப்பதற்கு நாம் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம் என்று பொருள்.

எந்தப் புத்தகம் சரி என்பதை எனக்குப் புரியவைத்தது, இதைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் வந்துசேரும் ஒரு பழைய புத்தகம்தான்: எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-இல் எழுதி வரைந்த 'தி ஸ்னோயி டே'. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் காலையில் எழுந்து பார்க்கிறான். தெரு முழுக்கப் பனி. சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறான், காலடித் தடம் பதிக்கிறான், குச்சியால் மரத்தைத் தட்டிப் பனியைத் தன் தலையில் கொட்டிக்கொள்கிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். அது உருகிப் போகிறது. அவ்வளவுதான் கதை. பீட்டரின் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 1963-இல் அந்த நூலுக்கு, அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த படப்புத்தகத்துக்குத் தரப்படும் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. 2020-இல் நியூயார்க் பொது நூலகம் தன் வரலாற்றிலேயே அதிகமுறை இரவல் கொடுக்கப்பட்ட புத்தகம் இதுவே என்று அறிவித்தது, 4,85,583 முறை. பைக்குள் வைத்த பனி எங்கே போயிற்று என்ற கேள்வி நான்கு வயதில் யாருக்கும் பெரிய கேள்விதான். அந்தக் கேள்வியோடு குழந்தை உள்ளே போய்விடுகிறது. போன பிறகுதான், போனது யாருடைய வீட்டுக்குள் என்பது வருகிறது. பிஷப் சொன்ன கதவு திறப்பதை நான் பார்த்தது அங்கேதான்.

அதனால் இன்று நான் தேடுவது வேறுபாட்டை விளக்கும் புத்தகத்தை அல்ல. வேறுபாட்டை இயல்பாக எடுத்துக்கொண்டு, வேறு ஏதோ ஒன்றைப் பற்றி நல்ல கதை சொல்லும் புத்தகத்தைத் தேடுகிறேன். காணாமல் போன ஒற்றைச் செருப்பு, தூங்க மறுக்கும் தம்பி, முடி வெட்டிக்கொள்ளப் பயம், புதிதாக வந்த பக்கத்து வீட்டுக்காரர். 'நாம் அனைவரும் சமம்' என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் புத்தகங்களை நான் அநேகமாக வாங்குவதில்லை. பெரியவர்கள் தங்கள் மனச்சாட்சிக்காக வாங்கும் புத்தகங்கள் அவை. மூன்றாம் பக்கத்தில் குழந்தைகள் அடுத்தவரின் காலுறையை இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். இன்னொரு வகையும் உண்டு, அதில் நான் நீண்ட காலம் ஏமாந்திருக்கிறேன். வேறுபட்ட நிறமோ மொழியோ உடைய ஒரு குழந்தை புதிதாக வருகிறது, எல்லோரும் ஒதுக்குகிறார்கள், அது ஏதோ ஒரு வீரச்செயல் செய்து எல்லோரையும் காப்பாற்றுகிறது, கடைசிப் பக்கத்தில் எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். படிக்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் மற்றவர்கள் சும்மா இருந்தாலே கிடைக்கும் இடம், இந்தக் குழந்தைக்கு மட்டும் சாகசம் செய்தால்தான் கிடைக்கும் என்றல்லவா அது சொல்கிறது? 1965-இல் நியூயார்க்கில் தொடங்கிய, இனங்களிடைக் குழந்தை நூல்களுக்கான மன்றம் 1970-களில் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியல் இதே பொறியைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. அந்தப் பட்டியல் என் கண்ணில் படுவதற்குள் அப்படிப்பட்ட புத்தகங்கள் ஐந்தாறு எங்கள் அலமாரிக்கு வந்திருந்தன.

சரி, பனிக் கதை எல்லோருக்கும் கதவாகுமா? இங்கே நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சீ 2009-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், சிறுவயதில் தாம் எழுதிய கதைகளில் எல்லோரும் வெள்ளைத்தோலும் நீலக்கண்ணுமாகப் பனியில் விளையாடினார்கள் என்றார். அவர் அதுவரை பனியைப் பார்த்ததே இல்லை. படித்த புத்தகங்களெல்லாம் அப்படி இருந்ததால், புத்தகம் என்றாலே அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்திருந்தார். ஒரு நகரத்துக் கறுப்பினக் குழந்தைக்கு முதன்முதலாகக் கிடைத்த கண்ணாடியில் இருந்த அதே பனிதான், இன்னொரு குழந்தையிடம் 'புத்தகம் உனக்குரியது அல்ல' என்று சொன்ன பனியும். ஒரு புத்தகம் பல பண்பாட்டுப் புத்தகமா இல்லையா என்பது அட்டையிலே அச்சடித்த குணம் அல்ல. பக்கத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறது, எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே சமூகத்தைப் பற்றி மூன்று நான்கு புத்தகங்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவையாக, அலமாரியில் இருக்கவேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான். ஓலைக் குடிசை பொய் அல்ல. அது மட்டுமே இருந்ததுதான் பொய். அதே பாட்டி ஊரைப் பற்றி, லிஃப்ட் வந்து நிற்கும் ஒரு வீட்டுக் கதையும் பக்கத்தில் இருந்திருந்தால், அந்தக் குடிசையும் யாரோ ஒரு குழந்தையின் வீடாக, மதிப்போடு இருந்திருக்கும்.

நாட்டார் கதைகளைப் பற்றியும் இதே எண்ணம்தான். அவை அருமையானவை, வாய்விட்டுப் படிக்க அவற்றைப்போல் வேறு எதுவும் வராது. ஆனால் ஒரு மக்களைப் பற்றி வகுப்பில் இருப்பதெல்லாம் 'முன்னொரு காலத்தில்' என்று தொடங்கினால், அந்த மக்கள் முன்னொரு காலத்தில்தான் இருக்கிறார்கள் என்று குழந்தைகள் முடிவு செய்துகொள்வார்கள். அட்டையில் 'ஓர் ஆப்பிரிக்கக் கதை' என்று மட்டும் போட்டிருந்தால் நான் புத்தகத்தை வைத்துவிடுவேன். 54 நாடுகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகளும் உள்ள கண்டம் அது. எந்த மக்களுடைய கதை, யார் சொல்லக் கேட்டது என்று சொல்லாதவர் மற்றவற்றிலும் கவனமாக இருந்திருக்க மாட்டார்.

இனி, புத்தகத்தைக் கையில் எடுத்தபின் நான் செய்வது. முதல் வேலை, எழுத்துகளைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்ப்பது. விரிப்பில் இருப்பவர்களுக்குப் படிக்கத் தெரியாது, அவர்கள் பார்ப்பதும் அதைத்தான். நாம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் படத்தின் மூலையில் இருக்கும் நத்தையையும், பின்வரிசையில் நிற்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்படிப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை ஒவ்வொரு பக்கத்திடமும் கேட்கிறேன்: யார் என்ன செய்கிறார்கள்? ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி போட்டு வினைச்சொற்களை மட்டும் எழுதிக்கொள்வேன். ஒருமுறை, எல்லா இனத்துக் குழந்தைகளும் நிறைந்திருந்ததாகப் பாராட்டப்பட்ட ஒரு தோட்டக் கதையை இப்படி எழுதிப் பார்த்தேன். வெளிர்நிறக் கதைநாயகியின் பத்தியில் தோண்டினாள், யோசித்தாள், விதைத்தாள், கோபப்பட்டாள், கண்டுபிடித்தாள். மற்ற நால்வரின் பத்தியில் நின்றார்கள், சிரித்தார்கள், கைதட்டினார்கள், பின்னால் போனார்கள். கோபப்படும் உரிமைகூட ஒருத்திக்குத்தான் இருந்தது.

அடுத்தது முகம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஐந்து வயதுப் பையன் ஒருவன். நான் ரசித்துப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் ஐந்து நண்பர்கள் வரிசையாக நின்ற பக்கத்தைப் பார்த்து, "ஒரே பொம்மைக்குக் கலர் மட்டும் மாத்திட்டாங்க," என்றான். உண்மைதான். ஐந்து பேருக்கும் ஒரே வட்ட முகம், ஒரே புள்ளிக் கண், ஒரே மூக்கு. நிறக் குப்பி மட்டும் வேறு. நல்ல ஓவியர் ஒரு குடும்பத்துக்குள்ளேயே நிறம் ஒன்றுபோல் இராது என்பதை அறிந்திருப்பார். அக்காவின் முடியும் தங்கையின் முடியும் வேறுவிதமாகச் சுருண்டிருக்கும். கருமையான தோலுக்கு நீலமும் ஊதாவும் செம்மையும் கலந்த பல அடுக்குகள் வேண்டும். அவ்வாறு இல்லாமல் ஒரே அடர்பழுப்பை நிரப்பி மலிவான தாளில் அச்சடித்தால், விரிப்பின் கடைசி வரிசையிலிருந்து பார்க்கும் குழந்தைக்குக் கண்ணும் வாயும் மறைந்துபோய் ஒரு நிழல் மட்டும் தெரியும். ஆகவே கடையில் நின்று பார்க்கும்போது புத்தகத்தைக் கையை நீட்டி எவ்வளவு தூரம் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரம் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். எந்த முகம் முதலில் மறைகிறது என்று பார்ப்பேன்.

மூன்றாவது, எழுத்து. இரண்டு மொழிகளில் அச்சிட்ட புத்தகங்கள் மழலையர் வகுப்புக்குப் பெரும் செல்வம். ஆனால் அவற்றில் நடக்கும் கோளாறுகளுக்கு அளவில்லை. எழுத்துருவையும் மென்பொருளையும் கவனிக்காமல் அச்சிட்ட அரபு வரிகளில், ஒட்டிச் செல்லவேண்டிய எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, இடமிருந்து வலமாகத் தலைகீழ் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளி காணாமல் போய், வாழ்த்துச் சொற்களே வாசிக்க முடியாதபடி பல மொழி வாழ்த்துப் பக்கங்களில் கிடப்பதைப் பார்த்து எத்தனை முறை நாம் நொந்திருக்கிறோம்! அந்த மொழி பேசும் தாயோ தந்தையோ அதைப் பார்க்கும்போது, தங்கள் மொழி அந்தப் பக்கத்தில் அலங்காரத்துக்காக ஒட்டப்பட்டது, படிக்கப்படுவதற்காக அல்ல என்று உடனே தெரிந்துகொள்வார்கள். எந்த மொழி மேலே, எது கீழே, எது பெரிய எழுத்தில், எது சாய்ந்த சிற்றெழுத்தில் என்பதையும் பாருங்கள். படிக்கத் தெரியாத குழந்தைக்குக்கூடப் பெரியது எது என்று தெரியும். இன்னொரு நுட்பமான சிக்கல்: அரபு, உருது, எபிரேயம் போன்றவை வலமிருந்து இடமாகப் படிக்கப்படுபவை, அவற்றின் புத்தகங்களும் அந்தப் பக்கத்திலிருந்து திறப்பவை. இடமிருந்து வலமாக ஓடும் ஒரு கதையில் அந்த மொழியை வெறுமனே சேர்த்துவிட்டால், வீட்டில் வேறு திசையில் பக்கம் புரட்டிப் பழகிய குழந்தைக்கு, ஓடுகிற பையன் பின்னோக்கி ஓடுவான். அப்படிப் புரட்டிய ஒரு குழந்தையிடம் "புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிச்சிருக்கே" என்று சொல்ல வாயெடுத்து நான் நிறுத்திக்கொண்டது ஒருமுறை நடந்தது. அவள் சரியாகத்தான் பிடித்திருந்தாள்.

எழுதியவர் யார் என்பதைப் பார்க்கவேண்டுமா? பார்க்கவேண்டும், அதையே முடிவாக வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தந்தச் சமூகத்தவரே தங்கள் கதைகளை எழுதவும் வரையவும் பதிப்பகங்கள் இடம் கொடுக்கவேண்டும் என்ற கோரிக்கை முழுக்க நியாயமானது; உள்ளிருந்து எழுதுபவர் குடிசைக்கும் லிஃப்டுக்கும் நடுவே உள்ள ஆயிரம் விவரங்களை அறிந்திருப்பார். ஆனால் பீட்டரை உருவாக்கிய கீட்ஸ், போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன். 1940-இல் ஒரு பத்திரிகையில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் படங்களை வெட்டியெடுத்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்து வைத்திருந்தவர். அதே வேளையில், மேலே சொன்ன நான்சி லாரிக், தம் 1965 கட்டுரையில், பீட்டரின் அம்மா வரையப்பட்டிருக்கும் விதத்தைக் குறை சொல்லவும் தவறவில்லை. இரண்டையும் சேர்த்தே நான் வைத்துக்கொள்கிறேன். நேசித்து வரைந்தாலும் பழைய அச்சு வார்ப்பு கையோடு வந்துவிடக்கூடும். அதைச் சுட்டிக்காட்டியதால் அந்தப் புத்தகம் சிறுத்துவிடவும் இல்லை.

நல்ல புத்தகம் கிடைத்த பிறகும் அதைக் கெடுத்துவிட முடியும். அதற்கு எளிய வழி, குறிப்பிட்ட ஒரு வாரத்தில் மட்டும் வெளியே எடுத்து, தனி மேசையில் அலங்கரித்து வைத்துவிட்டு, வாரம் முடிந்ததும் பெட்டியில் போட்டு மூடுவது. அலமாரியில் அந்தப் புத்தகங்கள் ஆண்டு முழுவதும் கரடிகளோடும் லாரிகளோடும் கலந்து கிடக்கவேண்டும். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டும். முதல்முறை குழந்தைகள் கவனிப்பது புதுமையை, அதாவது உடையை, முடியை, பழக்கமில்லாத பெயரை. மூன்றாம் முறைக்குமேல் அந்தப் புதுமை தேய்ந்து, பாத்திரத்தின் ஆசையும் பயமும் மேலே வருகின்றன. நான்காம் முறை படிக்கும்போது ஒரு குழந்தை பாத்திரத்தின் பெயரை நம்மைவிடச் சரியாகச் சொல்லும். பெயர் என்றதும் ஒன்று: அறியாத மொழிப் பெயரைக் கதையின் நடுவில் தடுமாறி, சிரித்து, "எப்படியோ ஒரு பேரு" என்று தாண்டிப் போவதைப்போல ஒரு குழந்தையின் முகத்தைச் சுருங்க வைப்பது வேறில்லை. அந்த மொழி பேசும் பெற்றோர் ஒருவரிடம் முந்தின நாளே கேட்டுப் பழகிக்கொள்வதற்கு இரண்டு நிமிடம் போதும். அப்படிக் கேட்கப் போன இடத்தில், "நானே வந்து படிக்கட்டுமா?" என்று கேட்ட தந்தைகள் மூவர்.

குழந்தையிடம் சாட்சி கேட்பதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். குழந்தைகளுக்கு நிற வேறுபாடு தெரியாது, நாம் ஏன் சுட்டிக்காட்டவேண்டும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மூன்று மாதக் குழந்தைகளே தங்களைச் சுற்றிப் பழகிய இனத்து முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்கிறார்கள் என்று 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தெரியும், பார்க்கிறார்கள், கேட்கவும் செய்வார்கள். "அவன் ஏன் இப்படிக் கறுப்பா இருக்கான்?" என்று ஒரு குரல் வரும்போது "உஷ், அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்பதுதான் மிக மோசமான பதில், பேசக் கூடாத ஏதோ ஒன்று அந்தத் தோலில் இருக்கிறது என்று அது கற்றுக்கொடுக்கிறது. "அவன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த நிறம், அதனால அவனுக்கும்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, பனி உருண்டை எங்கே போயிற்று என்று திரும்பவும் கதைக்குள் போய்விடலாம். யாரேனும் ஒரு குழந்தை தானாகவே "எங்க வீட்டுலயும் இப்படித்தான்" என்று சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

தேர்வு சரியாக இருந்ததா என்பதை அறிய எங்கள் வகுப்பில் ஒரு கூடை உண்டு. கிழிந்த புத்தகங்களைப் போட்டு வைக்கும் கூடை. பருவ இறுதியில் அதைக் கொட்டிப் பார்ப்பேன். உலகத்துக் குழந்தைகளின் அந்தப் பழைய புத்தகம் ஒருநாளும் கூடைக்கு வந்ததில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் முதுகு மடங்காமல் என் அலமாரியின் மேல்தட்டில் புதிதாகவே இருக்கிறது. போன பருவத்தில் கூடையில் நான்கு இருந்தன. இரண்டு கரடிக் கதைகள், ஒரு லாரி, கூடவே ஒற்றைச் செருப்பைத் தேடும் பையனின் கதை. அவன் பெயரை முதலில் எங்களில் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவன் அம்மா தலையை மூடியிருப்பாள், அப்பா சக்கர நாற்காலியில் இருப்பார், அதைப் பற்றிக் கதையில் யாரும் எதுவும் சொல்வதில்லை, எல்லோருமாகச் செருப்பைத்தான் தேடுகிறார்கள். கிழிந்திருந்தது, அவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கும் பக்கம். குழந்தைகளும் கூடவே குனிந்து விரலால் தடவித் தடவித் தாள் நைந்துபோயிருந்தது. பின்பக்கம் நாடா ஒட்டி மறுபடியும் அலமாரியில் வைத்திருக்கிறேன்.